தகரக் கிட்டாரும் தவக்காலமும்

என் கிட்டாரைத் தகரம் என்று சொன்னவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதன் உடம்பு உலோகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் பழைய சாமான் சந்தையில் வாங்கியது. லண்டனுக்கு மாறி வந்தபோது உடுப்புப் பெட்டி ஒன்றை விட்டுவிட்டு இதைத் தூக்கி வந்தேன். ரெசொனேட்டர் கிட்டார் என்பார்கள். வயிற்றுக்குள் மெல்லிய அலுமினியக் கூம்பு ஒன்று இருக்கும். கம்பியின் அதிர்வை வாங்கி, உரத்து வெளியே விடுவது அதன் வேலை.

2009இல், தவக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், மன்னாரில் என் அக்கா இறந்துபோனார். சண்டை நடந்த அந்த மாதங்களில் ஊருக்குப் போக வழியில்லை. முப்பத்தோராம் நாள் பூசையை லண்டனில், நோர்பரிக்குப் பக்கத்தில், எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலில் ஒப்புக்கொடுக்க ஏற்பாடு செய்தோம். அக்கா தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லி அழும் புலம்பலைப் பாடுபவர். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும் குரல். கீபோர்டில் அது வராது. கிட்டாரை மடியில் படுக்கவைத்து, இரும்புத் துண்டால் கம்பியை இழுத்தால் வரும். அந்தப் புலம்பலை நான் வாசிக்க வேண்டும், அக்காவின் மகள் மன்னாரில் இருந்தபடி போனில் கேட்க வேண்டும். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

பாடகர் குழுத் தலைவர் கிட்டாரைச் சுண்டிப் பார்த்தார். தவக்காலத்தில் வாத்தியம் பாட்டுக்குத் துணையாக மட்டும்தான் இருக்கலாமாம். சரி, அது திருச்சபை ஒழுங்கு. ஆனால் அவருடைய கீபோர்ட் மட்டும் தாராளமாக முழங்கலாமாம், அது கோயில் வாத்தியமாம். இது வெறும் தகரமாம், வெள்ளைக்காரன் சாராயக்கடையில் வாசிக்கிற சாமானாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மின்சாரக் கிட்டார் வராத காலத்தில், மேடையில் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கிட்டார் காதில் விழவில்லை என்றுதானே இதைக் கண்டுபிடித்தார்கள்? கலிபோர்னியாவில் இதைச் செய்தவர் ஐரோப்பாவிலிருந்து பிழைக்கப் போனவர். மடியில் வைத்து இழுக்கும் முறை ஹவாய்த் தீவுக்காரருடையது. தெருவோரத்தில் இதை வைத்துத் தங்கள் துயரத்தைப் பாடியவர்கள் கறுப்பின மக்கள். நாடு நாடாக அலைந்து வந்து விசாவுக்கு வரிசையில் நின்ற நாங்கள், ஒரு கிட்டாரிடம் நீ எந்த ஊர் என்று கேட்கிறோம்! இவ்வளவையும் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உள்ளுக்கு ஏதும் துணி வைச்சு அடக்கேலாதோ, தம்பி?" என்றார்.

பூசைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. துக்க வீட்டுக்காரன் சண்டை பிடித்தான் என்று பெயர் வரக்கூடாது என்று மனைவி சொன்னாள். "ஓம் அண்ணை" என்றேன். வீட்டுக்கு வந்து மேல் தகட்டின் திருகாணிகளைக் கழற்றி, கூம்பின்மேல் பழைய பிளானல் துணியை மடித்து வைத்து மூடினேன். பொயிலர் திருத்துகிற கை இது, எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யாது.

பூசையில் வாசித்தேன். புலம்பல் முழுவதும் கீபோர்ட் மேலே ஏறி நின்றது. முடிந்ததும் தலைவர் என் தோளில் தட்டி, நல்ல அடக்கமாக இருந்தது என்றார். அந்தக் கையைத் தட்டிவிடவேண்டும் போலிருந்தது. சிரித்தேன்.

முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து போனைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி அதை என்னிடம் நீட்டினாள்.

"பாட்டு வடிவாக் கேட்டது மாமா," என்றாள் அக்காவின் மகள். "நீங்கள் ஏன் வாசிக்கேல்லை?"

"என்னை விடேல்லைப் பிள்ளை," என்றேன்.

கோபத்தில் வந்த பொய் அது. அவர்கள் விட்டார்கள். துணியை வைத்தது நான். அவளுக்கு அதை இன்றுவரை சொல்லவில்லை.