லாரியின் சத்தத்தை அடக்கிய நாள்

எங்கள் சித்தப்பா எப்படிச் செத்தார் என்று யாராவது கேட்டால், வீட்டில் எல்லோரும் அந்தத் துருப்பிடித்த தகரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன். திறந்தால் லாரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். வெள்ளகோவிலுக்குத் தெற்கே, மெயின் ரோட்டிலிருந்து மண் தடத்தில் உள்ளே போனால் எங்கள் தோட்டம். அப்பாவிடம் ஒரு பழைய லாரி இருந்தது. செங்கல், மணல், எது கிடைத்தாலும் ஏற்றுவார். அதன் ஸ்பிரிங் பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று உரசும். சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் போதும், கழுத்தைத் திருகிய கோழி மாதிரி கத்தும். "உங்கப்பாவுக்கு ஹாரன் செலவு மிச்சம் அம்மணி" என்று கடைவீதியில் என்னைக் கேலி செய்வார்கள். அப்பாவும் சிரித்துக்கொள்வார். ஓடுகிற வண்டி கத்தத்தானே செய்யும் என்பார்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. எங்களோடுதான் இருந்தார், கல்யாணமாகி அப்போது வருஷம்கூட ஆகவில்லை. மாட்டுக் கொட்டகைக்குக் கூரை மாற்றும்போது பழைய தகரம் ஒன்று அவர் காலைக் கிழித்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். டெட்டனஸ் ஊசி போட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

அப்புறம் ஒரு நாள் இராத்திரிச் சாப்பாட்டில் சித்தப்பாவால் வாயைத் திறக்க முடியவில்லை. தாடை இறுகிக்கொண்டது என்று சைகையில் காட்டினார். "பொண்டாட்டிகிட்டப் பேசாம இருக்க நல்ல வழி கண்டுபிடிச்சுப்போட்டான் பாரு" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம், சித்தியும்தான்.

விடிந்தபோது முதுகு கட்டை மாதிரி விறைத்திருந்தது. வெள்ளகோவிலிலிருந்து வந்த டாக்டர் பார்த்த மாத்திரத்தில் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். "சத்தம் ஆகாதுங்க. சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு இழுத்துக்கும். சூதானமாக் கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டு வேறொரு அவசரத்துக்குப் போய்விட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இதை வில்லுவாதம் என்றார். லாரி ஸ்பிரிங்கையும் வில்லு என்று சொல்லக் கேட்டிருந்த எனக்கு, சித்தப்பாவுக்கும் லாரிக்கும் ஒரே சீக்கு என்று பட்டது.

இப்போதுபோல ஃபோன் அடித்தால் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற காலமில்லை. விறைத்த உடம்பைக் காரில் மடக்கி உட்கார வைக்கவும் முடியாது. லாரியில் வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டுப் படுக்க வைத்தார்கள். சித்தியும் அம்மாவும் நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டோம். அப்பா வண்டியை எடுத்தார். வாசல் தாண்டி முதல் குழியில் சக்கரம் இறங்கியது. ஸ்பிரிங் கத்தியது.

சித்தப்பாவின் உடம்பு அப்படியே மேலே வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டும்தான் மெத்தையில் இருந்தன. பல் எல்லாம் தெரிந்தது. அவர் சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். என் வாயில் ஒரு அடி விழுந்தது, அம்மா அடித்தது. "மாமா, நிறுத்துங்க! ஐயோ நிறுத்துங்க மாமா!" என்று சித்தி வண்டியின் பலகையைத் தட்டினாள்.

அப்பா இறங்கி வந்து பார்த்தார்.

"இந்த எழவெடுத்த சத்தத்தோட போனா காங்கேயம் தாண்டறதுக்குள்ள உசுரு போயிருமுங்க. கொஞ்சம் பொறுங்க, சத்தத்தை அடக்கிப்போட்டுக் கிளம்பிரலாம்" என்றார். கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். அம்மா மட்டும், "மெதுவா ஓட்டிட்டே போயிரலாமுங்களே" என்றாள். "நீயுந்தான கண்ணுல பாத்த?" என்று அப்பா கத்தினார். அம்மா வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டாள்.

சித்தப்பாவை இருட்டு அறைக்குத் தூக்கிப்போனார்கள். அப்பா ஜாக்கி போட்டு லாரியைத் தூக்கி அடியில் நுழைந்தார். பட்டைகளுக்கு நடுவில் கம்பியைக் கொடுத்து நெம்பி, துருவைச் சுரண்டி, கிரீஸை அப்பினார். கிரீஸ் தீர்ந்ததும் வீட்டிலிருந்த விளக்கெண்ணெயை எல்லாம் ஊற்றினார். பழைய சைக்கிள் டியூபைக் கத்தரித்து இடுக்குகளில் சொருகினார். ஒரு பக்கம் முடிந்ததும் வண்டியை ஓட்டிப் பார்ப்பார். சத்தம் கேட்கிறதா என்று சொல்ல என்னைத்தான் பின்னால் ஏற்றினார். எனக்குக் காது கூர்மை என்று அவருக்கு ஒரு பெருமை.

"வருதா அம்மணி?"

"வருதுங்கப்பா. இந்தப் பக்கம்."

மறுபடி ஜாக்கி. மறுபடி கம்பி. வெயில் ஏறிக்கொண்டே போனது. ஸ்பிரிங்கின் ஒரு சின்ன முனகலைக்கூட நான் விட்டுவைக்கவில்லை; கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். உள்ளே இருந்து சித்தி அழுவது கேட்டால் அப்பா இன்னும் வேகமாகச் சுரண்டுவார். காலி வண்டி குதிக்கும் என்று கடைசியில் அரை லோடு மணலை வேறு அள்ளிப் போட்டார்கள். அப்பாவின் முகம், மயிர், வேட்டி எல்லாம் கறுப்பு எண்ணெய். நான் "இல்லீங்கப்பா, சத்தமே இல்லீங்க" என்று சொன்னபோது பொழுது மேற்கே சாய்ந்திருந்தது. அப்பா ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஒரு நிமிஷம் கிடந்தார்.

மணல்மேல் மெத்தையைப் போட்டுச் சித்தப்பாவை மறுபடி ஏற்றினார்கள். லாரி அன்றைக்கு வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு சுகமான பயணம் அந்த வண்டியில் அதற்கு முன் நான் போனதில்லை. ஆனால் காங்கேயத்தில் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்தான், சித்தப்பா வளைந்தார். பல்லடத்தில் யாரோ ஒரு கடைக் கதவைச் சடாரென்று இழுத்து மூடினார்கள், மறுபடி வளைந்தார். அடுத்தவன் வண்டிக்கும் கடைக்கும் அப்பா எங்கே போய் எண்ணெய் ஊற்றுவார்? சூலூர் தாண்டியபோது சித்தப்பாவுக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது. சித்தி அவர் காலைப் பிடித்துக்கொண்டு, தொட்டால் இழுக்குமோ என்று பயந்து விட்டுவிட்டு, மறுபடி பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆட்கள் ஓடி வந்து அவரை உள்ளே கொண்டுபோனார்கள். சித்தியும் அம்மாவும் கதவருகே நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டாக்டரம்மா வெளியே வந்து அப்பாவிடம் கேட்டார்.

"எப்ப இருந்து இந்த இழுப்பு?"

"காலைல இருந்துங்க."

"வெள்ளகோவில்தானே? இவ்வளவு நேரம் என்னப்பா பண்ணினீங்க?"

அப்பா கைகளை வேட்டியில் துடைத்தார். எண்ணெய் போகவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நாள் முழுக்கப் பாடுபட்ட மனுஷன், அதைச் சொல்ல வெட்கப்படுகிறாரே என்று நானே முன்னால் போய் நின்றேன்.

"எங்க லாரி ஸ்பிரிங் சத்தம் போட்டுதுங்க. சத்தம் ஆகாதுன்னு சொன்னாங்க. அதான் எங்கப்பா எல்லாப் பட்டைக்கும் எண்ணெய் ஊத்தி, ரப்பர் வெச்சு, சத்தமே வராமச் செஞ்சுபோட்டுக் கூட்டிட்டு வந்தாருங்க. நாந்தான் கேட்டுக் கேட்டுச் சொன்னேனுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அப்பாவின் கைகளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குரல் தணிந்துதான் இருந்தது.

"அவர் காதுல கொஞ்சம் பஞ்சு வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கலாமேப்பா" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அப்பா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை. காலையிலிருந்து லாரிக்கு அடியில் கிடந்த அசதி, பாவம் என்று நினைத்தேன். அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று பக்கத்தில் போய்க் குனிந்து, "நம்ம லாரி இனிமே கத்தவே கத்தாதுங்கப்பா" என்று சொன்னேன்.