இருட்டறையில் தழைத்த செடிகள்

அப்பா திருவனந்தபுரத்தில் சர்க்கார் குமாஸ்தா. சனிக்கிழமைதான் பாறசாலைக்கு வருவார். ஒரு சனிக்கிழமை, தன் மேலதிகாரி வீட்டு முன்னறையில் செடி வளர்வதைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் வேண்டும் என்றார். முற்றம் அத்தனை பெரிதாகக் கிடக்க, வீட்டுக்குள் எதற்குச் செடி என்று அண்டை வீட்டார் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவளுக்குச் செடி என்றால் பைத்தியம்.

கிணற்றுச் சுவரில் சீப்புச் சீப்பாக இலை விட்டு நின்ற பன்னல் என்கிற பெரணிச் செடியைப் பெயர்த்தெடுத்தாள். பெருங்கடவிளையில் ஒரு வீட்டில் கெஞ்சி, வெள்ளி வரி ஓடிய தொங்குகொடியும் மணிபிளாண்ட் கொம்பும் வாங்கி வந்தாள். ஆசைக்கு ஒரு பிச்சிக்கொடி. எது வீட்டுக்குள் தாங்கும் என்று யாருக்குத் தெரியும்? அம்மாவே ஒரு பரீட்சை வைத்தாள். நெல் வைக்கிற அறைக்கு ஜன்னலே கிடையாது.

"இதுக்குள்ள பதினஞ்சு நாளு கெடந்து பொழைக்கதுதான் முன்னறைக்கு" என்றாள். தினமும் காலையில் போய்ப் பார்த்துச் சொல்லும் உத்தியோகம் ஏழு வயதான எனக்கு.

நான்காம் நாளே பிச்சி இலையெல்லாம் உதிர்த்தது. மற்றவையும் தலை தொங்கிவிட்டன. நான் அழுதேன். அந்த வாரம்தான் அம்மாவின் தம்பியைப் போலீஸ் தேட ஆரம்பித்தது. எங்கள் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம் போனவர் மாமா. திருநெல்வேலிக்குத் தப்பிவிட்டார் என்று என்னிடம் சொன்னார்கள். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம்.

ஆனால் செடிகள் பிழைத்துக்கொண்டன! பன்னல் புதுச்சுருள் விட்டது. மணிபிளாண்ட் ஒரு முழம் நீண்டது. அம்மா என்னை அணைத்துக்கொண்டு, "நல்ல கண்ணாக்கும் மக்கா உனக்கு. வெளிய மூச்சு விடாத, கண்ணேறு பட்டுரும்" என்றாள். பெருமையில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

ஒரு காலையில் வயதான போலீஸ்காரர் ஒருவர் மாமாவைத் தேடி வந்தார். எல்லா அறையும் பார்த்தார். நெல்லறை வாசலில் அம்மா நின்றுகொண்டு, "இங்க நெல்லு மட்டுந்தான்" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"செடியும் உண்டு! இருட்டிலேயே வளருது!" என்று அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன்.

அவர் குனிந்து தொட்டியில் விரல் வைத்தார். ஈரம். இலைகளெல்லாம் ஒரே மூலையைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அந்த மூலையில், மச்சுப் பரணுக்கு மேலே, கூரை ஓடு ஒன்று விலகி, வெயில் ஒரு கீற்றாக இறங்கியது. அவர் நெடுநேரம் மேலே பார்த்தார். அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சேச்சி, ஓடு ஒண்ணு மாறிக் கெடக்கு. மழைக்கு முன்ன நேராக்கணும்" என்றார். பிறகு என் கன்னத்தைத் தட்டி, "மோளே, இந்தச் செடிக் காரியம் இனி ஆருட்டயும் சொல்லண்டா, கேட்டியா? கண்ணு படும்" என்றார்.

ஒரு இலையைக்கூட யாருக்கும் கொடுக்காத அம்மா, பன்னலைத் தொட்டியோடு தூக்கி அவர் கையில் கொடுத்தாள். எனக்கு வயிறெரிந்தது.

பத்து நாள் கழித்து, போலீஸ் தேடல் அடங்கியதும், மாமா திருநெல்வேலி அல்வா இல்லாமல் வந்து சேர்ந்தார். முன்னறைக்கு வந்த மிச்சச் செடிகள் ஒரு மாதத்தில் வாடிப்போயின. நாங்கள் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டோம். "அங்கே நல்லா இருந்துதே, பன்னல் ஏழு இலை விட்டுதே" என்று மாமா வருத்தப்பட்டார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. போலீஸ்காரருக்கே கண்ணேறில் பயம் உண்டே என்ற ஆச்சரியத்திலேயே நான் இருந்தேன்.