பாகூர் டபுள்ஸ்

பிரெஞ்சு நாட்டின் துலூஸ் நகரத்துக் காபிக் கடையில் காலையில் காதில் விழும் முதல் வார்த்தை 'தூப்ள்'. ஒன்றுக்கு இரண்டாகக் காபி கேட்கிறார்கள். நம் டபுள்தான். அதை இங்கிலீஷ் என்றே நம்பியிருந்தேன். அகராதியைப் புரட்டினால், இங்கிலீஷ்காரனே பிரெஞ்சுக்காரனிடம் வாங்கியதாம். பிரெஞ்சுக்காரனுக்கு அது லத்தீன் சீதனம். 'துப்ளுஸ்', இரண்டாக மடித்தது. நம் இருமடங்கும் மடிப்பதில் பிறந்ததுதானே? பிரெஞ்சுக்காரன் ஆண்ட பாகூரில் பிறந்து, அவன் வார்த்தைக்கு வேறு அப்பனைக் காட்டித் திரிந்திருக்கிறேன்.

அறுபதுகளில் ஊரில் எங்களுக்கு டபுள்ஸ் என்றால் ஒரு சைக்கிளில் இரண்டு பேர். பிடிபட்டால் போலீஸ்காரர் டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். அதனால் தொப்பி தெரிந்ததும் பின்னால் இருப்பவர் குதித்துவிட வேண்டும். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. கேட்டால், யாரென்றே தெரியாது. ஏரிக்கரை வளைவு தாண்டித்தான் மறுபடி உறவு. என் மனைவி கனகா இதில் கெட்டிக்காரி.

அவள் துலூஸ் வந்த புதிதில் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்கு ஆள் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். அது கிடைத்தால்தான் பெரிய வீடு பார்த்து, ஊரில் அக்காவிடம் விட்டு வந்த மகள் செல்வியை அழைக்கலாம். அன்று பார்த்துப் பஸ் போய்விட்டது. கனகாவைச் சைக்கிளில் ஏற்றினேன். பாலத்தருகே போலீஸ் தொப்பி. புடவையும் கம்பளிக் கோட்டுமாகக் குதித்தாள். நானும் முறைப்படி திரும்பாமல் மிதித்தேன்.

போலீஸ்காரர் விசில் அடித்து நிறுத்தினார். பெண்ணைக் கடத்துகிறவன் என்று நினைத்திருப்பார். என்னைக் காட்டி, தெரிந்தவரா என்று அவளிடம் கேட்டார். கனகா தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சில் இல்லை என்றாள்.

"நோன்."

"ஏய், உண்மைய சொல்லுடி. நேரமாவுது."

"சும்மா இருங்க. மாட்டிக்குவோம்."

தாலியைக் காட்டினேன், அவருக்கு அது வெறும் கயிறு. பாஸ்போர்ட்டுகளைக் காட்டி, ஊர் வழக்கத்தையும் விளக்கிய பிறகுதான் சிரித்தார். கனகாவைத் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார். வேலை கிடைத்தது.

செல்வி வந்துவிட்டாள். சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன். தொப்பியைக் கண்டால் என் கால் தானாக மெதுவாகிறது. பின்னால் பாரம் குறையக் காத்திருக்கிறேன். குறைவதில்லை. அவள் அசையாமல் உட்கார்ந்து, போலீஸ்காரருக்குக் கையை ஆட்டி, "போன்ழூர்" என்று வணக்கம் சொல்கிறாள். முன் சக்கரம் இன்னும் பாகூரில்தான் உருள்கிறது. பின் சக்கரம் துலூஸ் வந்து சேர்ந்துவிட்டது.