மூன்றாவது ஆள்

வீட்டில் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் அமலராணி ஏழு என்பாள். அதில் மூன்று மனிதர்கள், நாலு ஆடுகள். ரேஷன் கடையிலும் அப்படியே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

திண்டுக்கல்லில் திருச்சி ரோட்டோரம் அவளுக்கு ஆப்பக்கடை. அந்த வாசனைக்கு லாரிகள் தாமாகவே பிரேக் போடும் என்பார்கள். அதில் பாதியாவது உண்மை. கடைக்கு எதிரேதான் போலீஸ் வண்டிகளை மறிக்கும் இடம்.

புருஷன் மிக்கேல்ராஜ் ஆட்டு வியாபாரி. வியாழன் விடிகாலையில், நடுவில் கிடாயும் பின்னால் மச்சானுமாக, பைக்கில் அய்யலூர்ச் சந்தைக்குப் போவான். மார்கழி பிறந்ததிலிருந்து வாரம் தவறாமல் ஏட்டு முருகேசன் கையைக் காட்டினார். அரை மணி நேரம் பேப்பர்களைப் புரட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அனுப்பினார். அதற்குள் சந்தையில் நல்ல வியாபாரிகள் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட, கிடாய் வீட்டுக்கே திரும்பி வந்தது.

“என் மூஞ்சியக் கண்டாலே அவருக்கு ஆகல” என்றான் மிக்கேல்ராஜ்.

அமலராணி ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் நாகஜோதி பொறுமையாகக் கேட்டார். “அபராதம் போட்டா ரசீது இருக்கும். நிறுத்திட்டு விட்டதுக்கு எங்கிட்ட ஒரு எழுத்தும் இல்லம்மா. ஆதாரம் இருந்தாக் கொண்டு வா.”

அன்றைக்கே கடையில் ஒரு நோட்டு தொங்கியது. நேரம், வண்டி, எத்தனை பேர், என்ன ஆச்சு என்று கோடு போட்டிருந்தாள். ஆப்பம் தின்ன வருகிற யாரும் படிக்கலாம். முருகேசனும் படித்தார்.

“என்னத்தக்கா கிறுக்குற?”

“நீ கைய நீட்டுறதத்தான் அப்பு. எம்புட்டுத் தூரம் நீளுதுன்னு பாக்கணும்ல.”

ஐந்து வியாழன் கழித்து அமலராணி நோட்டை நாகஜோதி மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். முப்பத்தெட்டு வண்டிகள். அதில் இருபத்தொன்றுக்கு நேரே ‘மூணு பேர், விட்டாச்சு’ என்றிருந்தது. அவர் நோட்டை மூடிவிட்டு முருகேசனைக் கூப்பிட்டார்.

“ஏன்யா, ஒரு வண்டில மூணு பேர் போறத இருபத்தோரு தடவ சும்மா விட்டிருக்க. என்ன வாங்கிட்டு விட்ட?”

மெமோ எழுத இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். செய்யாத தப்புக்கு ஒருவன் மாட்டுவதை அமலராணியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அம்மா, அதெல்லாம் சந்தைக்குப் போற வண்டி. மூணாவது ஆளு ஆடுங்க.”

“ஆட்ட எதுக்கு ஆளுன்னு எழுதுன?”

“எங்க வீட்ல அப்படித்தான் எண்ணுவோம்.”

முருகேசன் ஓரடி முன்னால் வந்தார். “மேடம், பனிக்குன்னு கிடாய்க்குத் தலையில துண்டு கட்டி நடுவுல உக்கார வச்சிடுறாங்க. தூரத்துல இருந்து பாத்தா எனக்கும் ஆளாத்தான் தெரியுது.”

“கிட்ட வந்தாத் தெரியும்ல? அப்புறம் எதுக்குப் பேப்பரப் பாத்த?”

“கையக் காட்டிட்டு, ஆடுன்னு விட்டா சிரிப்பாங்க மேடம்.”

நாகஜோதி சிரிக்கவில்லை. அபராதம் இல்லாவிட்டாலும், நிறுத்திய வண்டியையும் நிறுத்திய காரணத்தையும் எழுத வேண்டும் என்று ஸ்டேஷனில் புது நோட்டுப் போட்டார். அதைக் கேட்கிறவர்களுக்குக் காட்டவும் சொன்னார்.

அடுத்த வியாழன் மிக்கேல்ராஜ் துண்டை அவிழ்த்துவிட்டான். கிடாய் தும்மிக்கொண்டே வந்தது. முருகேசன் கையைப் பாதி தூக்கினார். காரணம் எழுத வேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ, அந்தக் கையால் காதைச் சொறிந்துகொண்டார். கிடாய்க்கு அவர் ஹெல்மெட் கேட்டதாகப் பஸ் ஸ்டாண்டில் சொல்கிறார்கள். அது பொய்.

வெயில் ஏறுமுன் மிக்கேல்ராஜ் வெறும் கயிற்றோடு திரும்பினான். இப்போது அமலராணியிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், ஆறு என்கிறாள்.