மீன் கூடையோடு எல்லை தாண்டிய சேர்மன்

யாரும் நம்பப்போகாத ஒரு கதையை, குலசாமி அறிய, கையில் சூடம் ஏற்றாத குறையாகச் சொல்கிறேன் என்று உறுதியளித்துத் தொடங்குகிறேன். படத்திறப்பு மலருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள், ஆனால் உண்மையை எழுதுங்கள் என்று விழாக்குழு கேட்டது. முதல் பாதியை ஏற்றுக்கொண்டேன்.

செய்தி வந்தபோது நான் பாம்பனில் கருவாடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். "மாமா, எங்க அய்யா போயிட்டாரு" என்றான் போனில் தங்கச்சி மகன். "எந்த ஊருக்குடா?" என்று கேட்டேன். அவன் அழுதபிறகுதான் விளங்கியது. அந்த நொடியில் பாலத்தில் வந்துகொண்டிருந்த ரயில் நின்றது. சிக்னலுக்காக நின்றேன் என்பார் அதன் டிரைவர். அவரை நம்பாதீர்கள். காற்று நின்றது, அலை நின்றது, கருவாட்டுக்காரி விலையைக் குறைத்தாள். இதில் மூன்றாவது, இந்தக் கரையில் எந்தத் தலைவர் சாவுக்கும் நடக்காதது.

சேர்மன் நாகசுந்தரம் என் தங்கச்சி புருசன். கடலாடிப் பக்கம் நூறு ஆட்டுக் கிடை மேயும் நிலம், வீட்டில் மூன்று தலைமுறை அரசியல். தாத்தா பெரிய சேர்மன், அய்யா நடுச் சேர்மன், இவர் பிறந்த அன்றே சின்னச் சேர்மன். தொட்டிலில் கிடந்தவர் கையை ஆட்டினார், எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் கட்சி மாறினான் என்பது எங்கள் குடும்ப வரலாறு. முதல் தேர்தலில் கடலாடியில் கவுன்சிலராக ஜெயித்தபோது, மாலை குவிந்து ஆளே தெரியவில்லை. கூட்டம் கலைந்ததும் என்னிடம் சொன்னார்: "ஓட்டு எங்க அய்யாவுக்கு விழுந்துச்சு மச்சான். நான் குனிஞ்சு பொறுக்கிட்டு வந்தேன், அம்புட்டுத்தான்." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அப்புறம் வந்தது வழக்கு. தண்ணீர் கேட்டுப் பெண்கள் காலிக்குடத்தோடு மறியல் செய்த அன்று, கண்மாய்க்கரையில் ஒரு அரசாங்க ஜீப் கவிழ்ந்து கிடந்தது. கவிழ்த்தது நாகசுந்தரம் என்று எதிர்த்தரப்பு சாட்சி பிடித்துவிட்டது. ஒற்றைக் கையால் தூக்கினார், ஜீப் மூன்று பனை உயரம் போய், கொக்குகளிடம் வழி கேட்டுத் திரும்பி வந்து விழுந்தது என்று நான்தான் ஊரில் சொல்லிவந்தேன். குடும்பத்துக்குப் பெருமை வேண்டாமா? நிஜத்தில் அந்த நேரம் அவர் கடையில் நின்று பருப்பு வடை தின்றுகொண்டிருந்தார். ஆனால் வடை தின்றதற்குச் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. தண்டனை விழுந்தால் இனித் தேர்தலில் நிற்க முடியாது. மூன்று தலைமுறைப் பெயர் கடைசியில் ஒரு ஜீப்புக்கு அடியில் போய்விடும்.

ஜாமீன் கிடைத்தது, நிபந்தனையோடு. கடலாடிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. திருப்பாலைக்குடியில் தங்கித் தினமும் காலை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டினால் ஜாமீன் ரத்து. கண்மாய்க் கெண்டையைத் தவிர வேறு மீனை அறியாத மனிதரைக் கடற்கரையில் கொண்டுபோய்ப் போட்டால் ஒரு வாரத்தில் துவண்டுவிடுவார் என்பது எதிரிகளின் கணக்கு. கணக்கு சரிதான். முதல் நாள் மூக்கில் கைக்குட்டையோடு ஸ்டேஷனுக்கு எதிரே பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். துணைக்கு நான். மீன் விற்கும் சீனியம்மா கூடையை இறக்கிவைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னய்யா பெரிய வீட்டுப் புள்ள, மூக்குல அடியா?"

"இல்லத்தா, நாத்தம்."

"அப்ப மூக்கைக் கழத்தி வீட்டுல வச்சிட்டு வா. இங்கன அது தேவைப்படாது."

மறுநாள் கைக்குட்டை வரவில்லை. அடுத்து வந்த நாட்களில், ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்க வந்தவர்கள் முதலில் பூவரச மரத்தடிக்கு வரத் தொடங்கினார்கள். புருசன் அடித்தது, படகு உரசியது, ஆடு காணாமல் போனது எல்லாவற்றையும் இவரே பேசித் தீர்த்தார். ஸ்டேஷனில் வேலையில்லாமல் ஏட்டையா தூங்கித் தூங்கித் தொப்பை பெருத்து, புது பெல்ட் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார் என்பது என் தரப்புச் செய்தி.

ஒரு வழக்கு மட்டும் தீரவில்லை. ராமநாதபுரம் போகும் தனியார் பஸ் ஒன்று மீன் கூடைப் பெண்களை ஏற்றாது. தூரத்தில் கூடை தெரிந்தால் ஹாரன் அடித்துக்கொண்டே பறந்துவிடும். வெயில் ஏறிச் சந்தைக்குப் போனால் மீன் பாதி விலை. "பேசிப் பாத்தாச்சு, எழுதிக் குடுத்தாச்சு. நீயும் மரத்தடியில உக்காந்து பேசு" என்று சீனியம்மா ஒரு நாள் காலையில் காறித் துப்பினார். என் மச்சான் எழுந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு நடுரோட்டில் போய் நின்றார். பஸ் நின்றது. பின்னால் வந்த லாரி நின்றது. இலங்கை வரைக்கும் போக்குவரத்து பாதித்ததாகக் கேள்வி.

சீனியம்மாவின் கூடை அவர் தலையில் ஏறியது. தாத்தா தன் துண்டைக்கூட ஆள் வைத்துத் தூக்கியவர். பேரன் சட்டையில் மீன் தண்ணீர் கோடு கோடாக வடிந்தது.

"சார், நீங்க ஏறுங்க. கூடை ஏறாது" என்றார் கண்டக்டர்.

"கூடை என்னோடது."

"நாறும் சார்."

"நானும் ஒரு கேஸ்ல நாறிப்போய்த்தான் இங்கன கிடக்கேன். என்னைய ஏத்துறீல்ல?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டருக்கும் ரோசம் வந்துவிட்டது. "அப்ப நீங்க எறங்குற இடத்துல கூடையும் எறங்கிரணும்" என்றார். ஊர் எல்லையில் இவர் இறங்கியே ஆக வேண்டும். இறங்கினால் கூடையும் நடுவழியில் இறங்கும். மீனுக்குப் போக வேண்டிய இடம் ராமநாதபுரம். எல்லைக் கல் ஜன்னலோரம் வந்தது, போனது. சிங்கம் குகையில் இருப்பதுபோல அவர் கடைசி சீட்டில் இருந்தார். நான் கூடைக்கு இந்தப் பக்கம், சீனியம்மா அந்தப் பக்கம்.

எதிர்பார்த்தபடியே ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு விழுந்தது. நீதிபதி கேட்டார்: "நிபந்தனை தெரிஞ்சும் ஏன் எல்லையைத் தாண்டுனீங்க?" என் மச்சான் கைகட்டிச் சொன்னார்: "கூடை எறங்கலீங்கய்யா. அதனால நானும் எறங்கல." கோர்ட்டுக்கு வெளியே அத்தனை கூடைகளும் வரிசையாக நின்றன. அந்த வாசத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் வாதத்தைச் சுருக்கிக்கொண்டார் என்றால் அது மிகையல்ல, கொஞ்சம்தான் மிகை. நீதிபதி கண்டித்தார், எச்சரித்தார், மனுவைத் தள்ளிவிட்டார். அடுத்த வாரம் அந்த பஸ்ஸில் பின் சீட்டைக் கழற்றிக் கூடைக்கு இடம் விட்டார்கள்.

வழக்கும் முடிந்தது. பிரேக் பிடிக்காமல் ஜீப் தானாகக் கவிழ்ந்தது என்று அதன் டிரைவரே கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டார். விடுதலை! கடலாடியிலிருந்து கார்கள் கிளம்பி வந்தன, ராஜாவைக் கூட்டிப்போக. ராஜா போகவில்லை. கடற்கரையிலேயே வீடு பிடித்து, அடுத்த தேர்தலில் அங்கேயே நின்றார். போஸ்டரில் தாத்தா படம் இல்லை, அய்யா படம் இல்லை. கட்சிக்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். "அய்யா பேருக்கு நான் வாங்குனது மாலை. என் பேருக்கு நானே வாங்குனது கேஸ் ஒன்னுதான். அதை வச்சே நிக்கிறேன்" என்றார். கூடைக்காரிகள் வீடு வீடாகப் போனார்கள். எண்ணிக்கை அன்று எதிர் வேட்பாளர் முதல் சுற்றிலேயே எழுந்து வந்து மச்சானுக்கு மாலை போட்டார். அந்த மாலை அவர் தனக்கென்று வாங்கிவைத்தது. சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்த அன்று சீனியம்மா கேட்டார்: "ஏய்யா, இப்பயாவது உனக்கு விழுந்த ஓட்டுன்னு நம்புறியா?" மூன்று தலைமுறை நாற்காலிக்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அவரை அறிந்தவர்களே, விடுதலையும் வெற்றியும் அரசாங்கப் பதிவில் இருக்கின்றன. அவற்றுக்கு என் சாட்சி தேவையில்லை. பறந்த ஜீப்பையும் ஏட்டையா பெல்ட்டையும் தள்ளிவிடுங்கள். சிங்கத்தையும் தள்ளிவிடுங்கள். பஸ்ஸில் சிங்கம் எதுவும் ஏறவில்லை. படியில் கால் வைக்கும் முன் அவர் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "மச்சான், திரும்ப உள்ள போட்டுருவாங்கள்ல?" போடத்தான் செய்வார்கள் என்றேன். "கை நடுங்குது. கூடையைக் கொஞ்சம் தூக்கிவிடு" என்றார். தூக்கிவிட்டேன். நடுக்கத்தோடேயே ஏறினார். அந்த நடுக்கம் கூடை வழியாக என் கைக்கு வந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். இந்தக் கதையில் அந்தச் சின்னத் துண்டு மட்டும் சத்தியமாக நடந்தது.