கேதப் பெட்டி

இசைத்தட்டைக் குறுக்கே துடைக்கக் கூடாது. கோடுகள் ஓடும் திசையிலேயே, நடுவைச் சுற்றி வட்டமாக, மெல்லத் துடைத்து வர வேண்டும். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் தண்ணீர் படக் கூடாது. கழுவிய தட்டை வெயிலில் வைக்கக் கூடாது. மதுரை வெயிலில் அது அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இதெல்லாம் எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். பெருக்கல் வாய்ப்பாடு அந்த அளவுக்குத் தெரியாது.

அப்போது நாங்கள் விளாங்குடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பா படிப்பை விட்டதிலிருந்து ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கேத வீடு என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிற கடை. சாவு விழுந்த வீட்டைத்தான் எங்கள் பக்கம் கேத வீடு என்போம். கேசட் வந்து, பிறகு சிடியும் வந்தபின், கடையின் பரணில் பழைய இசைத்தட்டுகள் பெட்டி பெட்டியாகச் சும்மா கிடந்தன. கடைக்காரர் இடத்தைக் காலி செய்தபோது, "தூக்கிட்டுப் போயிர்றா, இல்ல பழைய இரும்புக்காரன் வந்து அள்ளிக்கிருவான்" என்றாராம். சித்தப்பா ஒரு லோடு ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதோடு அவருக்கு வேலையும் போனது.

சென்னையில் பழைய தட்டுகளைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் தட்டு சுத்தமாக இருக்க வேண்டும், ஊசி வைத்தால் கரகரக்கக் கூடாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாங்கள் குளிக்கும் தண்ணீரைவிடத் தட்டு கழுவும் தண்ணீர் சுத்தமாக இருந்தது. விளாங்குடி போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் கோடுகளுக்குள் வெள்ளை படியும். அதனால் குழாயில் வரும் நல்ல தண்ணீரைக் காய்ச்சி, ஆறவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு சொட்டு ஷாம்பு விட்டுக் கழுவுவார். நடுக்காகிதம் நனையாமல் இருக்க அதன்மேல் ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்து அழுத்திக்கொள்வார். கடைசி அலசலுக்கு, லாரி பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர். பிறகு எல்லாம் சமையலறைத் தட்டு ஸ்டாண்டில், நாங்கள் சாப்பிடும் எவர்சில்வர் தட்டுகளுக்கு நடுவே நின்று காயும்.

"சோறு போடும்போது பாத்து எடுங்க மதினி, பாட்டுல ரசத்த ஊத்திராதீக" என்பார் சித்தப்பா.

"உங்க பாட்டு காயுறவரைக்கும் இந்த வீட்டுல யாருக்கும் ரசம் கிடையாது" என்பாள் அம்மா.

அம்மா அப்போது பிள்ளைத்தாச்சி. எனக்குப் பிறகு வெகுநாள் கழித்து உண்டான பிள்ளை. குனிய முடியாது என்பதால் நாற்காலியில் உட்கார்ந்து, காய்ந்த தட்டுகளை உறையில் போடுகிற வேலையை அவளாகவே எடுத்துக்கொண்டாள். அப்பா இதில் சேர மாட்டார். வேலைக்குப் போய்விட்டு வந்து, பெட்டிகளைத் தாண்டித் தாண்டி நடந்து, சைக்கிள் நிறுத்த இடமில்லை என்று முணுமுணுப்பதோடு சரி.

பெட்டிகளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி. அதில் இருந்த ஒவ்வொரு தட்டிலும் நடுக்காகிதத்தின் ஓரத்தில் கறுப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு இருக்கும். அது கேதப் பெட்டி. கேத வீட்டில் ஓடிய தட்டு தவறிப்போய்க் கல்யாண வீட்டில் ஓடிவிடக் கூடாது என்பதற்காகக் கடையில் வைத்த அடையாளம். அது ஓடிய காலத்தில் கடையில்கூட அதை உள்ளே வைக்க மாட்டார்களாம். வாசல் பக்கம், தண்ணீர் தெளித்துத்தான் இறக்குவார்களாம். சித்தப்பா அதையும் மற்ற பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தார். பொட்டு வைத்த தட்டைச் சென்னைக்காரர்கள் கறை என்று ஒதுக்கிவிடுவார்கள் என்பதால் அதை எடுத்தாக வேண்டும். அம்மாதான் தின்னரில் நனைத்த பஞ்சைக் குச்சியில் சுற்றிக்கொண்டு, காகிதம் கிழியாமல், ஒவ்வொரு பொட்டாக ஒற்றி எடுத்தாள். அந்தப் பெட்டியில்தான் நல்ல பாட்டெல்லாம் இருக்கிறது என்று அம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நான் பக்கத்திலிருந்து பஞ்சு பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அத்தை மகள் பெரியவளானாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். தாய்மாமன் என்ற முறையில் அப்பாதான் சீர் கொண்டுபோக வேண்டும். பட்டுப் புடவை எடுக்க அத்தை மதுரைக்கு வந்தாள். எங்கள் வீட்டில் தங்கினாள். அப்பா அத்தைக்கு மட்டும் பயப்படுவார். அத்தை வந்தால் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அத்தை கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா அடுத்த அறையில் கழுவிய தட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது; திடீரென்று ஓர் இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டது. பாடுகிறவர் ஒரு சொல்லின் முதல் பாதியைச் சொல்லிவிட்டு, மறுபாதிக்குப் போகாமல், திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கீறல் விழுந்த தட்டு. எத்தனை கழுவினாலும் கீறல் போகாது.

அத்தை எழுந்துவிட்டாள்.

"டேய், அத நிறுத்து. நிறுத்துறா!"

சித்தப்பா ஊசியைத் தூக்கினார்.

"இது எங்க அய்யா கேதத்துக்கு ஓடுன தட்டுல்ல? இதே இடத்துலதான மாட்டுச்சு? பாடையத் தூக்கயில மாட்டி, எடுத்துவிட ஆளில்லாம தெருமுனை வரைக்கும் இதையேதான கேட்டுக்கிட்டு அழுதோம்? எனக்கா தெரியாது?"

அய்யா என்றது என் தாத்தாவை. சித்தப்பா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "அக்கா, அதெல்லாம் கழுவியாச்சு. பேட்டரி தண்ணில கழுவியிருக்கேன். எந்த ஆத்துத் தண்ணியும் இம்புட்டு சுத்தமா இருக்காதுக்கா."

"வாய மூடு. பிள்ளத்தாச்சி இருக்குற வீடு. சீர் கிளம்பப் போற வீடு. இதுக்குள்ள எழவு வீட்டுச் சாமானக் கொண்டாந்து அடுக்கி வச்சிருக்கியே, நீயெல்லாம் மனுசனா? கேதத் தட்டுன்னா கறுப்புப் பொட்டு இருக்கணுமே, யார்றா அத அழிச்சது?"

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சித்தப்பா, "நான்தான்" என்றார்.

அப்பா வெற்றிலையை மென்றபடி நின்றார். கேதப் பெட்டி வாசலுக்கு வெளியே போனது. அத்தை வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அம்மா அன்று சாயங்காலம் முழுக்கச் சமையலறைச் சுவரில் சாய்ந்து, வயிற்றில் கை வைத்தபடியே இருந்தாள். அத்தை திட்டியதால் அப்படி இருக்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. என்னைப் பார்க்க விடவில்லை. துணிச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா ஆட்டோவில் ஏறுவதை மட்டும் தூரத்திலிருந்து பார்த்தேன்.

அப்புறம் யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காரணம் வாசலிலேயே இருந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கேதம் கேட்க வந்தவர்கள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு, சேலை படாமல் நடந்தார்கள். அப்பா திடீரென்று எழுந்துபோய், பெட்டியைக் கவிழ்த்து, தட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் அறைந்து உடைத்தார். பிறகு உள்ளே வந்து மற்றப் பெட்டிகளையும் இழுத்துப் போட்டார். பழைய கனத்த தட்டுகள் சிதறி நொறுங்கின. பிளாஸ்டிக் தட்டுகள் வளைந்தனவே தவிர உடையவில்லை. அவற்றைக் காலால் மிதித்தார், அதற்கும் உடையவில்லை. கடைசியில் அம்மிக்கல்லைக் கொண்டுவந்து போட்டார். சித்தப்பா தூணைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மாதக்கணக்கில் கழுவியது. தடுக்கவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

"இவன் மூஞ்சில முழிக்கவே எனக்குப் பிடிக்கல. எங்கிட்டாச்சும் போகச் சொல்லு" என்று அப்பா அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாமலேதான் வளர்ந்தேன். என் மகள் வயிற்றில் இருந்தபோதுதான் தெரியவந்தது. அப்போது நான் கல்யாணமாகி ஒத்தக்கடைக்கு வந்துவிட்டேன். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். ஒரு நாள் காலையிலிருந்து வயிற்றில் அசைவு இல்லாத மாதிரி இருந்தது. நிஜமாகவே இல்லையா, என் மனப்பிரமையா என்று தெரியவில்லை. கணவரை வேலையில் தொந்தரவு செய்யலாமா, சாயங்காலம் வரை பார்க்கலாமா என்று குழம்பி, அம்மாவுக்குப் போன் செய்தேன்.

அம்மா கத்தினாள். "யாரையும் கேக்காத. யாருக்காகவும் காத்திருக்காத. ஆட்டோவப் பிடிச்சு இப்பவே போ. போனை வச்சுட்டுப் போடி!"

மகளுக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருந்தாள். ஸ்கேன் அறைக்கு வெளியே, மூச்சு வாங்க வந்து சேர்ந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னாள். அந்தப் பாட்டு ஓடுவதற்கு முன்பே, அத்தை வந்து இறங்குவதற்கு முன்பே, பிள்ளை அசைவதை நிறுத்தியிருந்தது. அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். 'சீர் முடியட்டும். அக்கா வர்ற நேரத்துல ஆசுபத்திரின்னு நின்னா அது என்ன நினைக்கும்' என்றிருக்கிறார் அப்பா. அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா ஆட்டோ கூப்பிடப் போயிருக்கிறார். 'பொம்பளை சமாச்சாரத்துல ஒனக்கு என்னடா' என்று அப்பா அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"நீ ஏன்மா அப்ப சொல்லல?"

"சொல்லிட்டு? உங்கப்பாகூடத்தான நான் இருந்தாகணும்? அவராலதான்னு என் வாயால வந்துட்டா, அப்புறம் எப்படி ஒரே வீட்டுல சோறு பொங்கித் திங்கிறது?" பிறகு, "போயிருந்தாலும் பிழைச்சிருக்குமோ என்னமோ. ஆனா போயிருக்கலாம்" என்றாள்.

சித்தப்பாவுக்கும் இது தெரியும். வாய் திறந்திருந்தால் பழி அவரைவிட்டு இறங்கியிருக்கும். எங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானாக இருந்தால் அப்படி நின்றிருப்பேனா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அவர் வீட்டைவிட்டுப் போன காலை மட்டும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று கிளம்பினார். கையில் ஒரே ஒரு பை. அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். பால் வற்றுவதற்காக அவளுடைய மார்பில் மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். எதற்கென்று அப்போது எனக்குத் தெரியாது. அறை முழுக்க விசேஷ வீட்டு வாசனை அடித்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

சித்தப்பா உள்ளே வரவில்லை. நிலைக்கு வெளியே நின்று, "மதினி, வாரேன்" என்றார்.

அம்மா திரும்பவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்புச் சத்தம் கேட்டது.

சத்தம் தேய்ந்தபிறகு அம்மா சுவரிடம் பேசுவதுபோல என்னிடம் சொன்னாள். "போயிப் பாருத்தா. பஸ் ஏறிட்டாரா பாரு."

நான் ஓடினேன். திண்டுக்கல் ரோட்டில், எங்கள் தெரு முடிகிற இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் ஆட்டவில்லை. பஸ் வந்தது, ஏறினார், அது கண்ணிலிருந்து மறையும்வரை நின்று உறுதிசெய்துகொண்டேன். எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. அம்மாவும் இதைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறாள் என்று நினைத்து, மூச்சிரைக்க ஓடி வந்து, கட்டில் ஓரத்தில் நின்று, சந்தோஷமாகச் சொன்னேன்.

"ஏறிட்டாரும்மா. போயே போயிட்டாரு. இனிமே நமக்கு ஒன்னும் ஆகாது."

அம்மா முகத்தைத் திருப்பாமலே, கையை மட்டும் பின்னால் நீட்டி என்னைத் தேடினாள். நல்ல செய்தி கொண்டுவந்ததற்காகத்தான் என்று நினைத்து, நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.