காது போடும் சத்தம்

உத்திரமேரூர் மருத்துவமனையில் பச்சைக் குழந்தைகளின் காதைச் சோதிக்கும் அகிலாவுக்கு வேலை நேரத்தில் ஈ பறக்கிற சத்தம்கூட ஆகாது. சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்திவிடுவார். எதிர் டீக்கடை ரேடியோவை ஓடிப்போய் அணைத்துவிட்டு வருவார். ஆனால் அவர் வாயைத் திறந்தால் தென்னேரி ஏரிக்கு அக்கரையில் இருப்பவருக்கும் கேட்கும்.

என் மனைவி கீர்த்திக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மகளுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று நான்தான் பயந்து செத்தேன். கீர்த்தியோ, அப்படி ஆனால்தான் என்ன, கையால் பேச நான் கற்றுத்தருகிறேன் என்று சைகையில் சொல்லிவிட்டாள்.

அகிலா குழந்தையின் காதில் சின்னக் குழாயைச் செருகிச் சோதித்தார். இரண்டு காதும் தேறவில்லை. அவர் விளக்கடித்து உள்ளே பார்த்தார்.

"காதுல எண்ணெ மினுக்குது. யாரு வுட்டது?"

நான்தான். சத்தம் போகிற வழி சுத்தமாக இருக்கட்டும் என்று காலையில் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தேன், பெரிய மேதாவி.

வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, பிறகு எங்களை உட்காரவைத்து விளக்கினார், நான் கீர்த்திக்குக் கையால் சொன்னேன். உள்காதில் மெல்லிய முடிகள் கொண்ட செல்கள் இருக்கின்றனவாம். ஒலி அந்த முடிகளைச் சாய்த்தால் நுனியிலுள்ள நுண்ணிய கதவுகள் திறக்கும். உப்பில் இருக்கிற மாதிரி மின்னூட்டமுள்ள துகள்கள் அந்த வழியே உள்ளே பாயும். உடனே சில செல்கள் சுருங்கி நீண்டு ஆடும். அந்த ஆட்டத்தில் காதே ஒரு சத்தம் போடும். கருவி தேடுவது அதைத்தான். எண்ணெய் அடைத்துக்கொண்டால் உள்ளே போவதும் போகாது, வெளியே வருவதும் வராது.

பதினைந்து நாள் நான் எண்ணெய்ப் புட்டியைக் கண்டாலே எரிந்து விழுந்தேன். காது காய்ந்ததும் மறுபடி போனோம். குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மின்விசிறி நின்றது. வியர்வை முதுகில் வழிய மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பின.

"ரெண்டு காதும் பதில் சொல்லுதுண்ணா," என்று தன் சட்டத்தைத் தானே மறந்து அகிலா கத்தினார். குழந்தை திடுக்கிட்டு விழித்து அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

கீர்த்தி என் தோளைத் தட்டி, குழந்தையின் காது போட்ட சத்தம் எப்படி இருந்தது என்று சைகையில் கேட்டாள். நான் அகிலாவைப் பார்த்தேன்.

"அது மனுசங்க யாருக்கும் கேக்காதுண்ணா. அவ்ளோ சின்னது. மிசினுக்குத்தான் கேக்கும்."

அதைக் கையால் சொன்னேன். உனக்குமா கேட்கவில்லை என்று கீர்த்தி திரும்பக் கேட்டாள். எனக்கும்தான் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே என் காதைப் பிடித்துத் திருகினாள்.